மாஸ்க்டு ஃபின்ஃபுட்டைத் தேடிப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வங்கதேசத்துச் சுந்தரவனத்துக்குப் போகும் பறவை ஆர்வலர்கள் பலரும் பார்த்தே தீர வேண்டும் என்று ஏங்குவது மாஸ்க்டு ஃபின்ஃபுட் (Masked Finfoot) என்ற நீர்ப்பறவையைத்தான். அந்த ஆசையே பறவைக்குக் கேடாகிவிடக் கூடாது.

உடல் தண்ணீரில் அமிழ, தாழ நீந்தும்போது இதை வாத்து என்றோ நீர்க்காகம் என்றோ விட்டுவிடுகிறார்கள். இது கானாங்கோழிகளுக்குத் தூரத்து உறவு, தனிக் குடும்பம். தடித்து நீண்ட மஞ்சள் அலகு, கறுத்த முகம், கண்ணுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் இறங்கும் வெள்ளைக் கோடு. தொண்டையும் கறுப்பென்றால் ஆண், வெள்ளையென்றால் பெண். சேற்றில் ஏறினால் பச்சைக் கால்கள் பளிச்சென்று தெரியும். நாமக்கோழிக்கு இருப்பதுபோலவே விரல்களில் மடல் மடலாகச் சவ்வு.

அகன்ற ஆற்றில் தேடுவது வீண். கடல் ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரத்தில், கிளைகள் கவிந்த குறுகலான ஓடைகளில்தான் நண்டும் சிறுமீனும் பொறுக்க வெளியே வரும். அங்கே இன்ஜின் படகு வேண்டவே வேண்டாம், துடுப்புப் படகு போதும். சத்தம் கேட்டால் கரையேறிப் புதருக்குள் ஓடிவிடும். பின்தொடராதீர்கள்.

எல்லாவற்றையும்விட மோசமான தவறு, மழைக்காலத்தில் கூட்டை நெருங்குவது. தண்ணீருக்கு மேல் நீண்ட கிளையில் சுள்ளிகளால் கூடு கட்டும். தாய் எழுந்து போனால் முட்டைகள் காவலின்றிக் கிடக்கும். படம் தெளிவாக வர வேண்டும் என்று மறைக்கும் இலையை ஒடிப்பவர்கள், வேட்டையாடும் விலங்குக்கும் வழி திறந்துவிடுகிறார்கள். ஒரு படத்துக்காக இதைச் செய்வதை என்னால் ஏற்கவே முடியாது.

மீனவர்களைக் குற்றவாளிகளாகப் பார்ப்பதும் தவறு. முட்டையையும் பறவையையும் சாப்பிட எடுப்பது நடக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஓடையில் கூடு இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு யார் கூட்டைக் காப்பது?

அப்புறம், பழைய கணக்கை நம்பி, இன்னும் நிறைய இருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. முன்பு உலகம் முழுவதும் 600 முதல் 1,700 பறவைகள் வரை என்றார்கள். 2020இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு 108 முதல் 304 வரைதான். அசாமிலிருந்து சுமத்ரா வரை நிறம் தீட்டிய பழைய வரைபடங்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். அண்மைக்காலத்தில் கூடு கட்டுவது உறுதியானது வங்கதேசத்திலும் கம்போடியாவிலும் மட்டுமே.

பார்த்துவிட்டீர்களா? தேதி, நீர் ஏற்றமா வற்றமா, ஆணா பெண்ணா, குஞ்சு இருந்ததா என்று குறித்து வனத்துறையிடமோ ஆய்வாளர்களிடமோ கொடுங்கள். ஓடையின் பெயரை மட்டும் ஃபேஸ்புக்கில் போடாதீர்கள்.