பால் காய்ச்சும் முன் மீட்டரைப் பாருங்கள்

என் வீட்டுக்காரருக்கு வங்கி வேலை. மாற்றல் மாற்றலாகப் போய், பதினாறு வருஷத்தில் ஆறு வாடகை வீடு ஆகிவிட்டது. இப்போது தங்கச்சி திருநெல்வேலியிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபோகிறாள். அவளுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

சாவி வாங்கியதும் நேரே ஈ.பி. மீட்டரிடம் போங்கள். மதுரையில் நாங்கள் போகவில்லை. குடிவந்து இருபதே நாளில் 600 யூனிட்டுக்கு பில் வந்தது. முன்னால் இருந்தவர்கள் எவ்வளவு எரித்தார்கள், நாங்கள் எவ்வளவு என்று சொல்ல கையில் ஒரு எண் இல்லை. முழுசாகக் கட்டினோம். அந்த மாசம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

மாடிப்படிக்குக் கீழே நாலைந்து மீட்டர் வரிசையாக இருக்கும். உங்களுடையது எது என்று ஓனர் காட்டினாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வீட்டில் அயர்ன் பாக்ஸைப் போட்டால் உங்கள் மீட்டரின் குட்டிச் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்டும். மெயினை அணைத்தால் நின்றுவிடும். திரையில் தேதி, நேரம், வோல்டேஜ் என்று மாறி மாறி வரும். கே.டபிள்யூ.ஹெச். என்று வரும்போது போட்டோ எடுங்கள்; அதுதான் எரிந்த யூனிட் கணக்கு.

“அக்கா, ஓனர் தப்பா நினைக்க மாட்டாரா?” என்றாள்.

“அவரையும் கூப்பிட்டு நிறுத்திக்கிட்டே எடுடி. அவருக்கும் அது நல்லதுதான்.”

பில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் என்று நினைக்காதீர்கள். 101-லிருந்து 200 வரைக்கும் கிடைக்கிற குறைந்த கட்டணமும் போய்விடும். அதனால் முதல் பில்லை முன்னால் இருந்தவர்களோடு யூனிட் கணக்கில் பங்கு போடுவதுதான் நியாயம். 600-ல் உங்களுடையது 200 என்றால், மொத்தத் தொகையில் மூன்றில் ஒன்று உங்களுடையது.

சர்வீஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு, மின்வாரியத் தளத்தில் உங்கள் செல் நம்பரைப் பதியுங்கள். இல்லாவிட்டால் பில் குறுஞ்செய்தி பழைய குடித்தனக்காரருக்கே போகும். ரீடிங் எடுத்து 20 நாளில் கட்டவேண்டும். புகாருக்கு மின்னகம், 94987 94987. சொந்தமாக வாங்கிய வீடு என்றால் பத்திரம், சொத்துவரி ரசீதோடு பெயர் மாற்றத்தையும் உடனே முடித்துவிடுங்கள்.

கேஸுக்கு வருகிறேன். ஒரே ஊருக்குள் மாறினால் சிலிண்டர், ரெகுலேட்டர் கூடவே வரும். ஏஜென்சியை மாற்றினால் போதும். வேறு ஊர் என்றால் இரண்டையும் பழைய ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றல் வவுச்சர் வாங்கவேண்டும். இணைப்பு எடுத்த அன்று நீங்கள் கட்டிய டெபாசிட்தான் திரும்பி வரும்; புது ஊரில் இன்றைய தொகைக்குக் கட்டணும். அந்த வித்தியாசத்துக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

புது சிலிண்டர் வந்ததும் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளின் உள்பக்கம் பாருங்கள். ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அடுத்த சோதனைக்கான கெடு அது. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். ஆரஞ்சு டியூபில் வருஷம் அச்சிட்டிருக்கும். ஐந்து வருஷம் ஆனால் மாற்றுங்கள். சோப்பு நுரையை மூட்டில் தடவி, கொப்புளம் வருகிறதா என்று பார்த்த பிறகே பாலை வையுங்கள். கசிவென்றால் எந்நேரமும் 1906.

தண்ணீரில் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது? கீழ்வீட்டு மீட்டரில் மொத்தக் கட்டடத்துக்கும் மோட்டார் கொடுத்திருப்பார்கள். மெயினை அணைத்துவிட்டு மோட்டார் சுவிட்சைப் போடுங்கள். அப்போதும் ஓடினால் உங்கள் மீட்டரில் இல்லை. ஓடாவிட்டால் உங்கள் மீட்டரில்தான்; அந்தச் செலவை யார் யார் பகிர்வது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன் பேசுங்கள். தங்கச்சி வீட்டில் ஓடவில்லை. மூன்று குடித்தனக்காரரும் உட்கார்ந்து பேசி, மாசாமாசம் ஆளுக்கொரு பங்கு என்று அவள் டைரியில் எழுதிக்கொண்டார்கள்.