கிளாசிக் காரை அமெரிக்காவுல இருந்து ஜெர்மனிக்கு வித்து அனுப்புறது எப்படி: முதல் தடவை பண்றவங்களுக்கு

நியூஜெர்சி எடிசன்ல இருந்து என்னோட 1966 ஃபோர்டு மஸ்டாங்கை ஜெர்மனில ஒருத்தருக்கு வித்து அனுப்பினதுல இருந்து ஃப்ரெண்ட்ஸ் மாத்தி மாத்தி எப்படின்னு கேக்குறாங்க, அதான் மொத்தமா எழுதிடறேன். விளம்பரம் போடுறது, விலை பேசுறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல. வண்டி எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் பேப்பர் சரியில்லன்னா போர்ட்டைத் தாண்டாது, அதனால பேப்பர்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

1. டைட்டிலும் (உரிமைப் பத்திரம்) வண்டி நம்பரும்

1981 மாடல்ல இருந்து தான் 17 எழுத்து விஐஎன், அதாவது ஃபாக்டரில கொடுக்குற வண்டி அடையாள நம்பர். பழைய மஸ்டாங்ல 11 தான். என் வண்டியோடது 6டி07சி-ன்னு ஆரம்பிக்கும். 6ன்னா 1966, டி-ன்னா மெட்டச்சன் ஃபாக்டரி, 07ன்னா ஹார்ட்டாப் (மடக்க முடியாத கூரை), சி-ன்னா 289 வி8 இன்ஜின். பேரு தான் மெட்டச்சன், அந்த ஃபோர்டு ஃபாக்டரி இருந்தது இங்க எடிசன்ல தான், 2004ல மூடிட்டாங்க. இங்க செஞ்ச வண்டி இங்க இருந்தே கப்பல் ஏறினதுல எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சிக்கல் வந்தது அந்த 07ல தான். வண்டி முன்னாடி வேற ஸ்டேட்ல இருந்தப்போ யாரோ டைப் பண்ணதுல சைபருக்கு பதிலா ஓ எழுத்து விழுந்திருக்கு, அதே அப்படியே டைட்டில் டைட்டிலா வந்துருச்சு, ரெஜிஸ்ட்ரேஷனுக்கோ இன்சூரன்ஸுக்கோ யாரும் கண்டுக்கல. கஸ்டம்ஸ்ல மட்டும் எழுத்துக்கு எழுத்து பார்ப்பாங்க. பேப்பர் திரும்பி வந்துருச்சு, வண்டி குடோன்லயே நின்னுச்சு, வாடகை ஏறிட்டே போச்சு. அதனால விலை பேசுறதுக்கு முன்னாடியே பானட்டைத் திறந்து டிரைவர் பக்கம் உள் ஃபெண்டர் மேல டார்ச் அடிங்க. கிரீஸைத் துடைச்சீங்கன்னா தகட்டுல குத்தின நம்பர் தெரியும், மெல்லிசு பேப்பரை அது மேல வச்சு பென்சிலால தேய்ச்சு எடுங்க, போட்டோல பெயின்ட் மின்னி எழுத்து சரியா தெரியாது, பென்சில் பிரதில தெளிவா விழும். அதை டைட்டிலோட ஒத்துப் பாருங்க, மாறியிருந்தா முதல்ல டைட்டிலைத் திருத்துங்க. கதவுல இருக்குற தகடை மட்டும் நம்பாதீங்க, புதுசா அடிச்சு மாட்டினதா கூட இருக்கும். பழைய லோன் டைட்டில்ல நின்னா பேங்க்ல இருந்து லோன் முடிஞ்ச லெட்டரும் வாங்கி வைங்க.

2. காசு

வயர் ட்ரான்ஸ்ஃபர் மட்டும் தான், இதுல நான் இறங்கி வரவே மாட்டேன். கேஷியர் செக் (பேங்கே எழுதித் தர்ற செக்) போலியா இருந்தா கூட முதல்ல அக்கவுண்ட்ல காசு ஏறிடும், சில வாரம் கழிச்சு பேங்க் திருப்பி எடுத்துக்கும், அதுக்குள்ள வண்டி கடல்ல. "கூட அனுப்பிட்டேன், மிச்சத்தை ஷிப்பிங்காரனுக்கு கொடுத்துடுங்க"ன்னு யாராவது சொன்னா பேச்சை அங்கயே நிறுத்திடுங்க. முழுக் காசும் வந்துச்சுன்னு பேங்க்ல உறுதி பண்ண அப்புறம் தான் டைட்டில்ல கையெழுத்து.

3. ஐடிஎன் நம்பர் (ஏற்றுமதிப் பதிவு நம்பர்)

ஓட்டின வண்டியை வெளிநாட்டுக்கு அனுப்பினா விலை எவ்வளவா இருந்தாலும் ஏற்றுமதித் தகவலை ஏஇஎஸ்ல (அமெரிக்க அரசோட ஆன்லைன் ஏற்றுமதிப் பதிவு) ஃபைல் பண்ணியே ஆகணும். இதுக்கு சோஷியல் செக்யூரிட்டி நம்பர் செல்லாது, வருமான வரித்துறை ஐஆர்எஸ் சைட்ல இஐஎன்-ங்கிற வரி அடையாள நம்பர் எடுங்க, இலவசம். மிச்சத்தை ஃபார்வேர்டரே (வண்டியை கப்பல்ல அனுப்பி வைக்கிற ஏஜென்ட்) பார்த்துப்பாரு. ஃபைல் ஆனதும் எக்ஸ்-ல ஆரம்பிக்கிற ஐடிஎன் நம்பர் வரும். அதுக்கு அப்புறம் ஒரிஜினல் டைட்டிலோட பேப்பர் எல்லாம் ஏற்றுமதிக்கு குறைஞ்சது 72 மணி நேரம் முன்னாடி கஸ்டம்ஸ் கைக்குப் போகணும்.

4. ரோ-ரோவா கண்டெய்னரா

என் ஓட்டு கண்டெய்னருக்கு. ரோ-ரோன்னா வண்டியை நேரா கப்பலுக்குள்ள ஓட்டி ஏத்துறது, அது சீப் தான், ஆனா சாவி பல கை மாறும், டிக்கில ஸ்பேர் வைக்க விட மாட்டாங்க. 20 அடி கண்டெய்னர் உள்ள அகலம் ஏறக்குறைய 2.35 மீட்டர், மஸ்டாங் 1.73. ரெண்டு பக்கமும் ஒரு சாண் சொச்சம் தான் மிச்சம், கதவு முழுசா திறக்காது, அதனால உள்ள ஓட்டுறதுக்கு முன்னாடியே டிரைவர் ஜன்னலை இறக்கிடுங்க, இல்ல வின்ச் போட்டு இழுக்கச் சொல்லுங்க. டேங்க்ல கால் பங்குக்கும் கம்மியா பெட்ரோல், பேட்டரி கழட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, பெல்ட்டை டயரைச் சுத்தி கட்டச் சொல்லுங்க. துணிக் கவர் போடாதீங்க, கப்பல் ஆடுறப்போ துணி உரசி பெயின்ட் போயிடும். கதவு மூடினதும் சீல் நம்பரை போட்டோ எடுங்க.

5. இன்சூரன்ஸ்

ஆல் ரிஸ்க், அதாவது எல்லா வகை சேதத்துக்கும் சேர்த்து இருக்குற பாலிசி எடுங்க. 2022ல ஃபெலிசிட்டி ஏஸ் கப்பல் சுமார் 4,000 காரோட தீப்பிடிச்சு அசோர்ஸ் பக்கம் மூழ்கிச்சு. 2021ல சூயஸ்ல எவர் கிவன் கப்பல் மாட்டினப்போ சரக்கு போட்டவங்களும் செலவுல பங்கு கொடுக்க வேண்டி வந்துச்சு. அந்தப் பங்கையும் உங்க பாலிசி ஏத்துக்குதான்னு கேட்டுக்கோங்க.

6. அந்தப் பக்கம் வரி

30 வருஷம் தாண்டின, ஒரிஜினல் நிலைல இருக்குற, இப்போ தயாரிப்புல இல்லாத வண்டின்னா ஜெர்மனில 9705-ங்கிற சுங்கப் பிரிவுல போகும். சுங்க வரி இல்ல, இறக்குமதி வாட் 7% மட்டும். அதுல ஒத்துக்கலன்னா சுங்க வரியும் 19% வாட்டும். வாங்குறவருக்கு இது பெரிய காசு, அதனால விக்கிறதுக்கு முன்னாடி புது இன்ஜின் மாத்துறது, மாடர்ன் டிஸ்க் பிரேக் போடுறது எல்லாம் வேண்டாம். கதவுத் தகடு, இன்ஜின், அடிப்பாகம், விண்ட்ஷீல்டுக்கு கீழ இருக்குற கவுல் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க. இந்த மாடல்ல கவுல் துருப்பிடிக்கிறது சகஜம், துரு இருந்தா அதையும் காட்டிடுங்க.

வண்டி போனதும் நியூஜெர்சில நம்பர் பிளேட்டை மோட்டார் வெஹிகிள் ஆபீஸ்ல திருப்பிக் கொடுங்க, அதுக்கு அப்புறம் தான் இங்க இருக்குற இன்சூரன்ஸை நிறுத்தணும்.

அப்டேட்: நியூயார்க்ல இருந்து ஒருத்தர் எங்கிட்ட டைட்டிலே இல்லையேன்னு கேட்டிருந்தாரு. சரி தான், அங்க 1972 மாடலுக்கும் அதுக்கு முந்தினதுக்கும் டைட்டில் கொடுக்குறதில்ல, ட்ரான்ஸ்ஃபரபிள் ரெஜிஸ்ட்ரேஷன் தான் உரிமைப் பத்திரம். அதோட பில் ஆஃப் சேலும் (வித்ததுக்கான ரசீது) வச்சு, புக் பண்றப்பவே ஃபார்வேர்டர் கிட்ட சொல்லிடுங்க.

இன்னொரு அப்டேட்: சக்கரத்துக்கு முட்டு கொடுக்க வீட்டுல கிடந்த கட்டையை வச்சா போதுமான்னு கேட்டவருக்கு, வேண்டாம். ஐரோப்பாவுக்குள்ள போற மரக்கட்டை சூடு பண்ணி பூச்சி நீக்கினதா இருக்கணும், கட்டை மேல கோதுமைக் கதிர் படம் போட்ட ஐஎஸ்பிஎம் 15 (பேக்கிங் மரத்துக்கான சர்வதேச விதி) முத்திரை இருக்கும். லோட் பண்றவங்க கிட்ட அந்த முத்திரைக் கட்டை தான் வேணும்னு கேட்டு, அடிக்கிறப்போ முத்திரை வெளிய தெரியுற மாதிரி வைக்கச் சொல்லுங்க.