அளவெடுத்துத் தைத்த பேன்ட்: பொருத்தத்தை நாமே கெடுக்கும் விதம்

ட்ரையல் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்று முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'சரி, நல்லாத்தான் இருக்கு' என்று தலையாட்டுகிறோமே, முதல் தவறு அதுதான். பேன்ட்டின் பொருத்தம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கிறது, அது நம் கண்ணில் படாது. கூட வந்தவரிடம் பின்னாலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.

அதில் சீட்டுக்கு (பேன்ட்டில் உட்காரும் பகுதிக்கு) கீழே துணி தொங்கி மடிந்திருந்தால் 'லூசாக இருக்கு, பக்கத்தில் பிடிச்சுடுங்க' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சில நேரம் காரணம் நீளம்: தட்டையான சீட் உள்ளவருக்குப் பின்பக்கத் துணி கூடுதலாகிவிடும். பின் இடுப்பை மட்டும் விரலால் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள், மடிப்பு மறைந்தால் சரிசெய்ய வேண்டியது பின்பக்க உயரத்தை, அதாவது இடுப்பிலிருந்து கவட்டை வரையிலான அளவை. இன்னொரு காரணம் கெண்டைக்கால். முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நிற்பவர்களுக்கு அது துணியைப் பிடித்து நிறுத்திவிடும், காலை இன்னும் ஒடுக்கினால் மடிப்பு கூடத்தான் செய்யும். (நானும் ஒரு முறை ஒடுக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான்.) கவட்டையிலிருந்து பூனை மீசை போலக் கோடுகள் விரிந்தால், பெரும்பாலும் உள்தொடைப் பக்கம் துணி போதவில்லை என்று அர்த்தம், அங்கே பிரித்துவிட வேண்டும்.

அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்குவது, பாக்கெட்டில் போனும் பர்ஸும் வைத்திருப்பது, செருப்போடு போய்விட்டு அப்புறம் ஷூ போடுவது... இதெல்லாம் தெரிந்தே செய்யும் தவறுகள்.

தெரியாமல் செய்வது இஸ்திரியில். நல்ல தையல்காரர் கம்பளித் துணியின் பின்பாகத்தைத் தைப்பதற்கு முன்பே, உடம்பின் வளைவுக்கு ஏற்ப, நீராவி இஸ்திரியால் சில இடங்களில் இழுத்து நீட்டுவார், சில இடங்களில் சுருக்குவார். பின்பாகத்தின் உட்கால் ஓரத்தை முன்பாகத்தைவிடக் கொஞ்சம் குட்டையாகவே வெட்டிவிட்டு இழுத்துச் சமன் செய்பவர்களும் உண்டு. சூடும் ஈரமும் பட்டால் கம்பளி இழைக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும், ஆறும்போது புது வடிவில் இறுகும். அப்படி வளைத்த துணி மேசையில் தட்டையாகப் படுக்காது. அதைத்தான் நாம் சலவையில் கொடுத்து, ஆவியடித்து, பலகை மாதிரி அழுத்தி வாங்கி வருகிறோம். வளைத்ததை அதே ஆவி அவிழ்த்துவிடும். பருத்தியும் லினனும் இந்த வித்தைக்கு அவ்வளவாக மசியாது, அங்கே வெட்டுதான் எல்லாம்.

வீட்டில் தேய்ப்பதானால் மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு, தேய்க்காமல் அழுத்தி எடுங்கள், இல்லாவிட்டால் பளபளப்பு ஏறும். சூடு ஆறும்வரை பலகையிலேயே கிடக்கட்டும். சூட்டோடு எடுத்துப் போட்டுக்கொண்டால் முழங்கால் மறுபடி புடைக்கும். ஒரே பேன்ட்டைத் தினமும் போடாமல் ஒரு நாளாவது விடுங்கள், கால் ஓரத்தைக் கிளிப்பில் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அதன் எடையிலேயே பாதிச் சுருக்கம் போய்விடும். தைக்கக் கொடுக்கும்போதே முன்பக்கம் முழங்காலுக்குக் கீழ்வரை லைனிங் கேட்டுக்கொள்வதும் உதவும்.

இன்னொன்று, உடம்பு இளைத்த சந்தோஷத்தில் இடுப்பைப் பிடிக்கும்போது உள்ளே மிஞ்சும் துணியை வெட்டி எறியச் சொல்லாதீர்கள். பின் நடுத் தையலில் அந்தத் துணியை விட்டு வைப்பதே பிறகு பிரித்துக்கொள்ளத்தான். பிடிப்பதற்கும் எல்லை உண்டு, 2 அங்குலத்தைத் தாண்டினால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் நெருங்கி வந்து அசிங்கமாகத் தெரியும். காலின் நீளத்தைக் கடைசியாக, எப்போதும் போடும் ஷூவோடு நின்று முடிவுசெய்யுங்கள், குதிகால் பக்கம் அரை அங்குலம் இறக்கி மடிக்கச் சொன்னால் ஷூவின் மேல் துணி குவியாமல் பின்னால் ஒழுங்காக விழும்.