சிகரெட்டை விட்டதும் வர்ற இனிப்பு ஆசையை எப்படி சமாளிக்கிறது? புதுசா விட்டவங்களுக்கு ஒரு செய்முறை

சிகரெட்டை விட்டு நாலாவது நாள் ராத்திரி, எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம், சமையல்கட்டுல நின்னுக்கிட்டு சர்க்கரை டப்பாவுல ஸ்பூனை விட்டு அப்படியே வாயில போட்டுக்கிட்டு இருந்தேன். அதுக்கு முன்னாடி வரைக்கும் டீயிலயே சர்க்கரை கம்மியா போடச் சொல்ற ஆளு நான். ஒன்னை விட்டு இன்னொன்னுல போய் மாட்டிக்கிட்டோமோன்னு அன்னிக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. இப்ப அதே நிலைமையில இருந்துக்கிட்டு இதைப் படிக்கிறீங்கன்னா முதல்ல மனசை தேத்திக்குங்க, சிகரெட்டை விட்ட நிறைய பேருக்கு இது வருது, இதுக்கு காரணம் உடம்புக்குள்ள இருக்கு, வந்த மாதிரியே குறையவும் செய்யும்.

காரணத்தை தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும், அதனால அதை மட்டும் கொஞ்சம் சொல்லிட்டு செய்முறைக்கு வர்றேன்.

ஒரு இழுப்பு இழுத்தா 10, 20 செகண்டுக்குள்ள நிக்கோடின், அதாவது புகையிலையில இருக்கிற பழக்கத்துக்கு அடிமையாக்குற சரக்கு, மூளைக்கு போயிடுது, அங்க டோபமைன்ங்கிற சந்தோஷ ரசாயனத்தை சுரக்க வைக்குது, அந்த "அப்பாடா" உணர்ச்சி அதுல இருந்துதான் வருது. இனிப்பு சாப்பிடும்போதும் கிட்டத்தட்ட அதே வழிதான் வேலை செய்யுது. ஒரு வழியை நீங்க அடைச்சுட்டீங்க, மூளை பக்கத்துல இருக்கிற இன்னொரு வழியை தேடுது. அடுத்தது, நிக்கோடின் பசியை அடக்குற சரக்கு. அட்ரினலினை கிளப்பிவிட்டு ஈரல்ல சேர்த்து வச்சிருக்கிற சர்க்கரையை ரத்தத்துல இறக்கிவிடும், அதனாலதான் காலையில ஒன்னும் சாப்பிடாம ரெண்டு சிகரெட்டோட மதியம் வரைக்கும் ஓட்ட முடிஞ்சுது. இப்ப அந்த உதவி கிடையாது, ஆனா சாப்பிடாம ஓட்டுற பழக்கம் மட்டும் அப்படியே இருக்கு. போதாததுக்கு நாக்கும் மூக்கும் தேறி வரும், சாப்பாடு எல்லாமே முன்னைவிட ருசியா தெரிய ஆரம்பிக்கும், அது நல்ல விஷயம்தான், ஆனா கை கூடுதலா நீளும்.

படி 1: முதல் ரெண்டு வாரம் இனிப்போட சண்டைக்கு போகாதீங்க

இதை முதல்ல வச்சதுக்கு காரணம் இருக்கு. நிறைய பேர் சிகரெட்டை விடுற அன்னிக்கே டயட்டும் ஆரம்பிக்கிறாங்க, ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்னு நினைச்சு. பசி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் ஒன்னா சேர்ந்து மூணாவது நாள்ல மறுபடி சிகரெட்டை பத்த வச்சுடுறாங்க. நிக்கோடின் இல்லாம வர்ற அவஸ்தை முதல் ரெண்டு மூணு நாள்லயிருந்து முதல் வாரம் வரைக்கும்தான் உச்சத்துல இருக்கும், அப்புறம் 2லிருந்து 4 வாரத்துக்குள்ள பெரும்பாலானது தணிஞ்சிடும். பசி மட்டும் அதைவிட கொஞ்சம் அதிக நாள் இழுக்கும், சிலருக்கு ரெண்டு மூணு மாசம்கூட ஆகும். அதனால முதல் ரெண்டு வாரத்துல ஒரு சாக்லேட்டா ஒரு சிகரெட்டான்னு நிலைமை வந்தா சாக்லேட்டை சாப்பிடுங்க, குற்ற உணர்ச்சியே வேண்டாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, பாக்கெட்டோட உட்காராதீங்க, வேணுங்கிறதை ஒரு சின்ன தட்டுல எடுத்து வச்சுக்கிட்டு மீதியை உள்ள வச்சு மூடிட்டு அப்புறம் உட்காருங்க.

(சர்க்கரை வியாதி இருக்கிறவங்களுக்கு இந்த சலுகை பொருந்தாது, உங்களுக்கு கீழ தனியா எழுதியிருக்கேன்.)

படி 2: கேக்குறது யாருன்னு பாருங்க, வயிறா மூளையா கையா

எனக்கு உண்மையிலேயே உதவினது இந்தப் படிதான், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். "இனிப்பு வேணும்"னு தோணும்போது வெளியில பாக்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள மூணு வெவ்வேறு ஆளுங்க கேக்குறாங்க.

வயிறு கேட்டா அது மெதுவா ஏறும், கடைசியா சாப்பிட்டு நாலஞ்சு மணி நேரம் ஆகியிருக்கும், லேசா தலைவலி, கை நடுக்கம், காரணமே இல்லாம பக்கத்துல இருக்கிறவங்க மேல கோபம். இதுக்கு சோதனை சுலபம், ஒரு அவிச்ச முட்டையோ ஒரு தட்டு சாப்பாடோ இப்ப கொடுத்தா சாப்பிடுவேனான்னு உங்களையே கேளுங்க. சாப்பிடுவேன்னு பதில் வந்தா அது பசி, சாப்பாட்டைத்தான் போடணும், மிட்டாயை போட்டா அரை மணி நேரத்துல திரும்ப வந்து நிக்கும்.

மூளை கேட்டா திடீர்னு வரும், சாப்பிட்டு முடிச்ச உடனேகூட வரும், முட்டை வேண்டாம் சாப்பாடு வேண்டாம் இனிப்புதான் வேணும்னு அடம் பிடிக்கும். இது இனிப்பு வேஷம் போட்டுட்டு வர்ற நிக்கோடின் ஏக்கம். நீங்க ஒன்னுமே கொடுக்கலைன்னாலும் கொஞ்ச நிமிஷத்துல இறங்கிடும்.

கை கேக்குறது பழக்கம். ஒரு சிகரெட்டுக்கு பத்து இழுப்புன்னு வச்சுக்குங்க, நாளைக்கு பத்து சிகரெட்டுன்னா கை நூறு தடவை வாய்க்கு போய் வந்திருக்கு, அதுவும் வருஷக்கணக்கா. அந்தக் கை இப்ப சும்மா இருக்கு, வாய் நமநமங்குது. போன் பேசும்போது, சாப்பிட்டு எழுந்ததும், வேலைக்கு நடுவுல, அதாவது முன்னாடி நீங்க சிகரெட் பிடிச்ச அதே நேரங்கள்ல இது வரும்.

ஒரு வாரத்துக்கு போன்ல நோட் பண்ணுங்க. மணி என்ன, மூணுல யாரு கேட்டாங்க, நீங்க என்ன பண்ணீங்க, இவ்வளவு போதும். என்னோட குறிப்பைப் பாத்தப்ப எனக்கு வந்ததுல பெரும்பாதி சாயங்காலம் அஞ்சு மணிக்கு வர்ற நிஜப் பசின்னு தெரிஞ்சுது, அது வரைக்கும் அதை பலவீனம்னு நினைச்சு நானே என்னை திட்டிக்கிட்டு இருந்தேன்.

படி 3: வயித்துக்கு நேரத்துக்கு போடுங்க

காலை சாப்பாட்டை விடாதீங்க, முன்னாடி சிகரெட்டை வச்சு அதை ஓட்டினவங்க முக்கியமா கவனிங்க. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது உள்ள போகட்டும், அதுல புரதமும் நார்ச்சத்தும் இருக்கட்டும், முட்டை, பருப்பு, சுண்டல், தயிர், வேர்க்கடலை, காய் எது உங்களுக்கு ஒத்துக்குதோ அது. இதெல்லாம் மெதுவா செரிக்கும், ரத்த சர்க்கரை சட்டுன்னு ஏறி சட்டுன்னு இறங்காது. சாயங்காலம்தான் உங்களுக்கும் கஷ்டம்னா அந்த நேரத்துக்கு அரை மணி முன்னாடியே ஒரு பழமும் கைப்பிடி கடலையும் சாப்பிட்டுடுங்க, பசி வந்ததுக்கு அப்புறம் நல்லதை தேர்ந்தெடுக்கிறது ரொம்ப கஷ்டம், பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மா சொல்லல.

படி 4: மூளைக்கு பத்து நிமிஷம் தவணை

மூளைதான் கேக்குதுன்னு தெரிஞ்சா "வேண்டாம்"னு சொல்லாதீங்க, "பத்து நிமிஷம் கழிச்சு தர்றேன்"னு சொல்லுங்க. ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு எழுந்து வேகமா நடங்க. நடக்கிறதுல சிகரெட் ஏக்கமும் குறையும் இனிப்பு ஆசையும் குறையும், ரெண்டுக்கும் ஒரே மருந்து. வெளிய போக முடியலைன்னா மாடிப்படி ஏறி இறங்குங்க. பத்து நிமிஷம் கழிச்சும் வேணும்னு தோணினா தாராளமா சாப்பிடுங்க, வாக்கு கொடுத்தா காப்பாத்தணும், இல்லைன்னா அடுத்த தடவை உங்க மூளை உங்களையே நம்பாது.

படி 5: கைக்கும் வாய்க்கும் வேலை

சர்க்கரை இல்லாத சூயிங் கம், சோம்பு, ஏலக்காய், கிராம்பு, நீளமா நறுக்கின கேரட், வெள்ளரி. சாப்பிட்டு முடிச்ச உடனே போய் பல் தேய்ச்சுடுங்க, பேஸ்ட் வாசனை வாயில இருக்கிறப்ப இனிப்பு எடுபடாது. சர்க்கரை இல்லாத மிட்டாயும் அளவுதான், அதுல சர்க்கரைக்கு பதிலா போடுற சார்பிட்டால், சைலிட்டால் மாதிரி சமாச்சாரம் அதிகமானா வயித்தால போகும்.

படி 6: காபியையும் குடிக்கிற சர்க்கரையையும் கவனிங்க

இது பல பேருக்கு தெரியாது. சிகரெட் புகையில இருக்கிற சில ரசாயனங்கள் ஈரலை வேகமா வேலை செய்ய வச்சு காஃபீனை சீக்கிரம் வெளியேத்திடும். சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறைஞ்சிடும், அதே அளவு காபி குடிச்சாலும் ரத்தத்துல காஃபீன் ரெண்டு மடங்கு வரைக்கும் போகலாம். படபடப்பு, தூக்கம் வராம புரள்றது, இதையெல்லாம் நாம சிகரெட் இல்லாததாலன்னு நினைச்சுக்குவோம். தூக்கம் கெட்டா மறுநாள் இனிப்பு ஆசை இன்னும் ஏறும். அதனால காபி, டீயை பாதியா குறைச்சுக்குங்க, மதியத்துக்கு மேல வேண்டாம்.

அப்புறம் கூல் ட்ரிங்க்ஸ். 330 மில்லி கோலா கேன்ல 35 கிராம் கிட்ட சர்க்கரை இருக்கு, அதாவது எட்டு டீஸ்பூனுக்கு மேல, ஆனா வயிறு நிறையவே நிறையாது. சேர்க்கிற சர்க்கரை, தேன், ஜூஸ்ல இருக்கிற சர்க்கரை எல்லாம் சேர்த்து மொத்த கலோரியில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னுச்சு, அந்த 5 சதவீதம் ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு சுமார் 25 கிராம், ஆறு டீஸ்பூன். எதையாவது முதல்ல குறைக்கணும்னா குடிக்கிறதுல இருந்து ஆரம்பிங்க, கடிச்சு சாப்பிடுற இனிப்பை கடைசியா பாத்துக்கலாம்.

படி 7: மூணாவது வாரத்துல இருந்து மெல்ல இறக்குங்க

இப்ப சிகரெட் ஏக்கம் கொஞ்சம் தணிஞ்சிருக்கும், இனிப்புல கை வைக்கலாம். டீயில ஒன்றரை ஸ்பூன்னா ஒரு வாரம் ஒன்னேகால், அடுத்த வாரம் ஒன்னு, இப்படி. ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. வீட்டுல ஸ்டாக் வாங்கி வைக்காதீங்க, வேணும்னா போய் ஒன்னே ஒன்னு வாங்கிட்டு வாங்க, அந்த நடையிலேயே பாதி தடவை ஆசை போயிடும்.

நிக்கோடின் சூயிங் கம், பேட்ச் பத்தி

சிகரெட் இல்லாமலே உடம்புக்கு கொஞ்சமா நிக்கோடின் கொடுக்கிற சாமான்கள் இது, கம் வாயில போடுறது, பேட்ச் தோல்ல ஒட்டிக்கிறது. ஏக்கம் தாங்க முடியலைன்னா டாக்டர்கிட்டயோ மருந்துக்கடையிலயோ கேட்டு எடுத்துக்கலாம், அது தோல்வி இல்ல. கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம்னு வருது, காலையில எழுந்த அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பிடிச்சவங்களுக்கு பொதுவா 4 சொல்லுவாங்க. சாதா கம் மாதிரி மென்னுக்கிட்டே இருக்கக் கூடாது, காரம் தெரியிற வரைக்கும் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும், காரம் போனதும் மறுபடி மெல்லணும். கம் போடுறதுக்கு கால் மணி முன்னாடி காபி, ஜூஸ் குடிச்சா நிக்கோடின் சரியா இறங்காது. இதை எடுத்துக்கிற வரைக்கும் எடை ஏறுறதும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

சர்க்கரை வியாதி இருக்கிறவங்க கட்டாயம் படிங்க

சிகரெட்டை விட்டா இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிக்கலாம், அப்ப பழைய மருந்து அளவுக்கு சுகர் ரொம்ப இறங்கிடலாம், இன்னொரு பக்கம் இனிப்பு சாப்பிட்டா சுகர் ஏறலாம், அதனால ரெண்டு பக்கமும் ஆபத்து இருக்கு. விடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, முதல் சில வாரம் சுகரை அடிக்கடி செக் பண்ணுங்க, மாத்திரை அளவை நீங்களா மாத்தாதீங்க. தியோஃபிலின் (ஆஸ்துமா மாதிரி மூச்சு பிரச்சினைக்கு), க்ளோசபின், ஒலான்சபின் (மனநோய்க்கு) மாதிரி மருந்து எடுக்கிறவங்களும் சொல்லணும், காஃபீனுக்கு நடந்த அதே கதைதான், அந்த மருந்தோட அளவு ரத்தத்துல கூடும்.

எடை கூடுமேன்னு பயமா?

கூடலாம். முதல் வருஷத்துல சராசரியா 4லிருந்து 5 கிலோ வரைக்கும், அதுலயும் பெரும்பகுதி முதல் மூணு மாசத்துல. எல்லாருக்கும் கூடாது, சிலருக்கு குறையவும் செய்யுது. எனக்கு கூடுச்சு, பழைய பேன்ட் ரெண்டு பத்தாம போச்சு, அன்னிக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிச்சா பசி அடங்கிடுமேன்னு தோணுச்சு பாருங்க, அந்த நினைப்புதான் பயங்கரமானது. அந்த நாலு கிலோவால வர்ற கெடுதல் சிகரெட்டால வர்ற கெடுதலுக்கு கிட்டகூட வராது, தயவுசெஞ்சு எடைக்காக திரும்ப பத்த வச்சுடாதீங்க. புது பேன்ட் வாங்கிக்குங்க, நடையை கொஞ்சம் கூட்டுங்க.

என்னைக்காவது ஒரு நாள் ஒரு டப்பா இனிப்பை மொத்தமா காலி பண்ணிட்டீங்கன்னா மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம், காலை சாப்பாட்டை வழக்கம்போல நேரத்துக்கு சாப்பிடுங்க, போன்ல இருக்கிற குறிப்பை திறந்து நேத்து கேட்டது யாருன்னு மட்டும் எழுதி வைங்க.