முதுகுநாணும் முதுகெலும்பும் ஒன்றல்ல: விலங்கியலில் சறுக்கும் இடங்கள்

இந்தப் பாடத்தில் பாதித் தவறுகள் பெயரிலேயே ஆரம்பித்துவிடுகின்றன. நாண் என்றால் நமக்கு வில்லின் நாண்தான் நினைவுக்கு வரும், அதனால் முதுகுநாண் என்றதும் முதுகில் கயிறு மாதிரி ஓடும் ஏதோ நரம்பு, அதாவது தண்டுவடம் என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது உடலைத் தாங்கும் விறைப்பான ஒரு கோல். மேலே குழல் போன்ற நரம்பு வடம், நடுவில் முதுகுநாண், கீழே உணவுக்குழல். இந்த அடுக்கை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள், அப்புறம் மறக்காது.

அடுத்து, முதுகுநாணிகள், அதாவது முதுகுநாண் உள்ள விலங்குகள், எல்லாம் முதுகெலும்பிகள் என்று எழுதுவது. தலைகீழாகச் சொன்னால்தான் சரி. நமக்கும் கருவில் முதுகுநாண் இருந்தது, பிறகு அந்த இடத்தை முள்ளெலும்புகள் பிடித்துக்கொண்டன. வீட்டில் பெரியவர்கள் 'டிஸ்க் விலகிடுச்சு' என்பார்களே, அந்த டிஸ்க்கின் நடுவில் இருக்கும் கூழ் போன்ற பகுதி பழைய முதுகுநாணின் மிச்சம்தான். மீன் மாதிரி தெரியும் சின்னக் கடல் விலங்கான ஆம்பியாக்சஸுக்கோ முதுகெலும்பு வருவதே இல்லை, ஆயுள் முழுக்க முதுகுநாணை வைத்தே ஓட்டிவிடுகிறது. 1774-இல் இயற்கை ஆய்வாளர் பல்லாஸ் அதை நத்தை இனத்தோடு சேர்த்துவிட்டார், ஆகவே நீங்கள் தடுமாறினால் கூச்சப்பட வேண்டாம்.

வளர்ந்த விலங்கை மட்டும் பார்த்துவிட்டு வகைப்படுத்துவதுதான் என் கணக்கில் இருப்பதிலேயே பெரிய தவறு. முதுகுநாண், குழல் போன்ற நரம்பு வடம், தொண்டைச் செவுள் பிளவுகள், மலத்துளைக்குப் பின்னால் நீளும் வால் ஆகியவை வாழ்க்கையின் ஏதோ ஒரு கட்டத்தில் இருந்தால் போதும், அது முதுகுநாணிதான், சாகும்வரை இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அசிடியாவைப் பாருங்கள். பாறையில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டிக் குடிக்கும் பை மாதிரிதான் இருக்கும், 19-ஆம் நூற்றாண்டின் பாதிவரை நத்தை போன்ற மெல்லுடலிகளோடுதான் அதை வைத்திருந்தார்கள். 1866-இல் விலங்கியலாளர் கோவலெவ்ஸ்கி அதன் இளம் உயிரியை ஆராய்ந்தபோது வாலுக்குள் முதுகுநாண் இருந்தது. நீந்தித் திரியும் குஞ்சு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும் வாலும் போகிறது, நாணும் போகிறது. இதில் இன்னொரு வேடிக்கை, மரபணுக்களை வைத்துப் பார்த்தால் மீன் மாதிரி தெரியும் ஆம்பியாக்சஸைவிட இந்தப் பைதான் நமக்கு நெருங்கிய சொந்தம்.

பலனோகிளாசஸை முதுகுநாணிகளில் சேர்ப்பவர்களும் உண்டு. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு என்றாலே விலங்கியல்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இந்தப் புழுதான். செவுள் பிளவுகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் முதுகுநாண் என்று ஒருகாலத்தில் நம்பப்பட்டது வாய்க்குழியிலிருந்து முன்னால் நீளும் ஒரு புடைப்பு மட்டுமே, அதனால் இன்று அரைநாணிகள் தனித் தொகுதி. பழைய நோட்ஸில் வேறு மாதிரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

மீன் என்று பெயரில் இருந்தால் மீன் ஆகிவிடாது. நட்சத்திர மீன் முட்தோலி, கணவாய் மெல்லுடலி, இரண்டுக்கும் முதுகெலும்பு கிடையாது. குதிரை மூஞ்சியோடு நிற்கும் கடல்குதிரையோ அசல் எலும்பு மீன். பாக் நீரிணையில் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு, குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி.

முட்டையா குட்டியா என்று பார்த்து வகுப்பைத் தீர்மானிப்பதும் வேண்டாம். குட்டி போடும் சுறாக்கள் நிறைய, முட்டையிடும் பிளாட்டிபஸோ பாலூட்டி. ஊர்வன என்றாலே இதயத்தில் மூன்று அறை என்று எழுதிவிட்டு முதலையை மறந்துவிடாதீர்கள், அதற்கு நான்கு.

கால் இல்லை என்பதற்காகப் பாம்பு என்று முடிவு செய்யவும் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈர மண்ணுக்குள் வாழும் இக்தியோபிஸின் உடலில் வளையம் வளையமாகக் கோடுகள், பார்த்தால் பருத்த மண்புழு என்றுதான் தோன்றும். வாயைத் திறந்தால் தாடையும் பல்லும் இருக்கும், உள்ளே முதுகெலும்பும் இருக்கும். அது தவளையின் உறவு, இருவாழ்வி.