செங்கோட்டையிலிருந்து ஜெட் காற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, ஏறத்தாழ 14 முதல் 16 கி.மீ. உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று, அதாவது ஒடுங்கிய பட்டையாக விரையும் காற்று, ஓடுகிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் இதை விரிவாக விளக்கினார். குற்றாலச் சாரலுக்குக் காத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் இதையும் பார்த்துப் பழக வேண்டும்.

முதலில் வானம். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் தாழ்ந்த மேகங்கள் மேற்கிலிருந்து வீசும் காற்றோடு கிழக்கே போகும். அவை விலகும் நேரத்தில், மிக உயரே நார்நாராகத் தெரியும் வெண்மேகத்தைத் தென்னை உச்சியோடு சேர்த்துக் கவனியுங்கள். பெரும்பாலும் அது மேற்கே நகரும்.

அடுத்து, காற்றை உயரவாரியாகக் காட்டும் விண்டி (Windy) செயலி. காற்று வரைபடம் காட்டும் எர்த் நல்ஸ்கூல் (earth.nullschool.net) தளமும் அழகானதுதான்; ஆனால் அது உயரத்தைக் காற்றழுத்தத்தால் குறிக்கிறது (உயரே போகப் போக எண் குறையும்); அதில் 250 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் அடுத்த நிலை 70. நமக்கு வேண்டியது இடையிலேயே போய்விடுகிறது. விண்டியில் காற்றைத் தேர்ந்து, உயரத்தை ஜெட்டுக்கு நெருங்கிய 13.5 கி.மீ.க்கு ஏற்றுங்கள்.

இனி, இந்த ஜெட்டை ஓட்டும் வடக்கு-தெற்கு வெப்பநிலை வேறுபாடு. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். காற்று வேகமாக இருக்கும் அதே உயரத்தில் வெப்பநிலை வேறுபாட்டைத் தேடாதீர்கள். அங்கே அது மிகக் குறைவு. விண்டியில் வெப்பநிலையைத் தேர்ந்து, 9 கி.மீ.க்கு இறங்கி, திபெத்தையும் கன்னியாகுமரியையும் தொட்டுப் பாருங்கள். வடக்கே இருப்பதுதான் சூடு! கோடையில் திபெத் பீடபூமியும் பருவமழை மேகங்களும் மேல்வானத்தைச் சூடாக்குகின்றன. சூடான காற்று விரிவதால், உயரே போகப் போக வடக்கே அழுத்தம் மிகுகிறது. அங்கிருந்து தெற்கே தள்ளப்படும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்புறம் திருப்ப, அது மேற்கு நோக்கி ஓடுகிறது.

உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலாக ஒவ்வொரு காற்றடுக்கின் வெப்பநிலை வேறுபாடும் அன்றன்று போடும் காசு. காற்றின் வேகம் சேர்ந்த தொகை. காசு போடுவது நின்று, எடுக்கத் தொடங்கும் இடத்தில்தான் தொகை உச்சம். ஜெட்டின் மையமும் அப்படியே. அதற்கு மேலே வடக்குப் பக்கம் குளிர்ந்துவிடுவதால் வேகம் குறைகிறது.

பின்சேர்க்கை: ஜனவரியில் தேடியும் கிடைக்கவில்லை என்று புனலூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். கிடைக்காது. குளிர்காலத்தில் தெற்கே சூடு, வடக்கே குளிர். அதனால் அப்போது வேறொரு ஜெட் வட இந்தியாவுக்கு மேலே, மேற்கிலிருந்து கிழக்காக ஓடும். அதற்கு 12 கி.மீ. உயரத்தைப் பாருங்கள்.