ஐஸ் ஹாக்கி வீரரின் வருமானக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பக்கத்திலிருந்தும் கனடா சென்ற பிள்ளைகள் ஊருக்குப் பேசும்போது, அங்குள்ள ஐஸ் ஹாக்கி வீரர்களின் சம்பளமும் பேச்சில் வந்துவிடுகிறது. இங்கே இருப்பவர்கள் அதை உடனே ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கிறார்கள். கணக்கு எழுதும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த மாற்றத்தில் நான் கேட்கும் தவறுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன என்று சொல்வேன்: ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை வீரரின் கைக்கு வந்த தொகையாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எண்ணையே சரியாகப் படிக்க வேண்டும். கானர் மெக்டேவிட் 2017இல் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியுடன் எட்டு ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்தார். ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். ஆகவே அது பத்துக் கோடி டாலர். எட்மன்டன் கனடாவில் இருப்பதால் அதைக் கனடா டாலர் என்று எண்ணிக் குறைத்துக் கணக்கிடுபவர்கள் உண்டு. வட அமெரிக்காவின் முதன்மைத் தொடரான என்.எச்.எல்.லில் கனடா அணிகளும் அமெரிக்க டாலரில்தான் சம்பளம் தருகின்றன. இன்றைய மாற்று விகிதத்தைப் பழைய தொகை முழுவதற்கும் பொருத்துவது அடுத்த பிழை. அவர் கையெழுத்திட்ட ஆண்டில் ஒரு டாலர் ஏறக்குறைய 65 ரூபாயாக இருந்தது; பின்னர் 80 ரூபாயைக் கடந்தது. ஒவ்வொரு சீசனின் சம்பளத்தையும் அந்தந்த ஆண்டின் விகிதத்தில் மாற்றினால்தான் ரூபாய்க் கணக்குக்குப் பொருள் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒப்பந்தத்தின் மொத்தத் தொகையை அப்படியே வாழ்நாள் வருமானத்தில் கூட்டிவிடுவது. இல்யா கோவல்சுக் 2010இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியுடன் 15 ஆண்டுகளுக்குப் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். (அதற்கு முன்பு எழுதிய 17 ஆண்டு ஒப்பந்தத்தை, ஓர் அணி ஆண்டுக்குச் சம்பளமாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பை ஏய்க்கும் ஏற்பாடு என்று தொடர் நிர்வாகம் நிராகரித்திருந்தது.) மூன்று சீசன்கள் முடிந்ததும், 2013இல், என்.எச்.எல்.லில் இருந்து ஓய்வை அறிவித்துவிட்டு ரஷ்யாவுக்குத் திரும்பினார். தானாக ஓய்வு பெற்றவருக்கு மீதிச் சம்பளம் கிடையாது என்பதால், 7.7 கோடி டாலர் வாங்கப்படாமலே போயிற்று. எஞ்சிய 2.3 கோடியும் முழுதாக வரவில்லை. 2012-13இல் நிர்வாகம் அறிவித்த கதவடைப்பால் 82 ஆட்டங்கள் 48 ஆகச் சுருங்கின, சம்பளமும் அதே விகிதத்தில் சுருங்கியது.

ரிக் டிபியட்ரோவின் கணக்கு வேறு வகையானது. நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 2006இல் அந்தக் கோல்காப்பாளருக்கு 15 ஆண்டுகளுக்கு 6.75 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. தொடர்ந்து காயங்கள் ஏற்பட்டதால், 2013இல் அணியே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. அப்படி முறிக்கும்போது, மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கை, மீதமுள்ள ஆண்டுகளைப் போல் இரு மடங்கு காலத்துக்குப் பிரித்துத் தர வேண்டும். 26 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான். அவருக்கு மீதமிருந்தவை எட்டு ஆண்டுகளும் 3.6 கோடி டாலரும். ஆகவே 2.4 கோடி டாலர் 16 ஆண்டுகளுக்குப் பிரிந்து, ஆண்டுக்கு 15 லட்சம் வீதம் 2029 வரை போகிறது. இவரது வருமானத்தை 2013இல் நிறுத்துவதும் தவறு, 6.75 கோடி என்று எழுதுவதும் தவறு.

உச்சவரம்புக் கணக்கில் வரும் தொகையை அந்த ஆண்டின் சம்பளமாக எழுதுவது இன்னொரு குழப்பம். அணிகளுக்கு ஆண்டுச் சம்பளச் செலவில் உச்சவரம்பு 2005இல் வந்தது. ஒரு வீரரின் ஒப்பந்தத் தொகையை ஆண்டுகளால் வகுத்த சராசரியே அந்தக் கணக்கில் சேரும். சிட்னி கிராஸ்பி 2012இல் செய்த 12 ஆண்டு, 10.44 கோடி டாலர் ஒப்பந்தத்தின் சராசரி 87 லட்சம். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அவர் வாங்கியது 1.2 கோடி, கடைசி ஆண்டுகளில் 30 லட்சம் மட்டுமே. ஆண்டுவாரிப் பட்டியல் போடுகிறவர்கள் சராசரியை எடுத்தால், மொத்தம் சரியாக வந்தாலும் ஒவ்வொரு வரியும் பிழையாக இருக்கும்.

பிடித்தங்களைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஏலத்தில் கிலோவுக்கு விழுந்த விலை வேறு, பறிப்புக் கூலியும் மருந்துச் செலவும் ஸ்டோரில் காயை உலர்த்திய செலவும் போகத் தோட்டக்காரரிடம் நிற்பது வேறு என்பது ஏலக்காய் தெரிந்த எவருக்கும் தெரியும். ஹாக்கி வீரரின் சம்பளத்தில் முதலில் பிடிபடுவது எஸ்க்ரோ. தொடரின் வருவாயில் வீரர்களின் பங்கு பாதி என்பது 2013 முதல் உள்ள உடன்பாடு; சம்பளங்களின் கூட்டுத்தொகை அந்தப் பாதியைத் தாண்டிவிடக் கூடும் என்பதால், ஒரு பகுதியை முன்கூட்டியே பிடித்து வைக்கிறார்கள். வருவாய் நன்றாக இருந்தால் அது திரும்பி வரும், இல்லையென்றால் உரிமையாளர்களுக்குப் போகும். கோவிட் காலமான 2020-21இல் இது 20 சதவீதமாக இருந்தது. பின்னர் 6 சதவீதமாகக் குறைந்தது. இதை வரி என்று எழுதுபவர்கள், திரும்பி வரக்கூடிய பணத்தைத் தொலைந்த பணமாக்கிவிடுகிறார்கள். ஏஜென்ட்டின் கட்டணம் பொதுவாக மூன்று முதல் ஐந்து சதவீதம்.

வரியில் ஊருக்கு ஊர் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒன்டாரியோவில் உச்ச விகிதம் 53.53 சதவீதம், புளோரிடாவிலும் டெக்சாஸிலும் மாநில வருமான வரியே இல்லை. அதனால் புளோரிடா வீரருக்கு வரியே கிடையாது என்று சொல்லிவிடக் கூடாது: அமெரிக்க மத்திய அரசின் வரி 37 சதவீதம் வரை உண்டு, விருந்தினராகச் சென்று ஆடும் மாநிலங்கள் பலவும் அந்த நாட்களுக்கான வரியைக் கேட்கும். ஒப்பந்த போனஸுக்கு வரி விதிப்பது இன்னும் சிக்கலானது. ஜான் டவாரஸ் 2018இல் டொரான்டோவுக்கு வந்தபோது பெற்ற 1.525 கோடி டாலர் போனஸுக்கு, அமெரிக்கா-கனடா வரி ஒப்பந்தப்படி 15 சதவீதமே பொருந்தும் என்பது அவர் தரப்பு. கனடா வருவாய்த்துறை அதை ஏற்காததால் விவகாரம் வரி நீதிமன்றம் வரை சென்றது. இத்தனைக்குப் பிறகும் பாதி வரி, பாதி கையில் என்று ஒரே வரியில் முடிப்பவர்களின் கணக்கை நான் நம்புவதில்லை.

ஆடாத காலத்தைக் கூட்டுவதும், வேறு நாட்டில் ஆடிய காலத்தை விடுவதும் உண்டு. 2004-05 சீசன் கதவடைப்பால் முழுவதும் ரத்தானது. அந்த ஆண்டுச் சம்பளம் யாருக்கும் இல்லை. யாரமிர் யாகர் அப்போது செக் நாட்டிலும் ரஷ்யாவிலும் ஆடினார். 2008 முதல் 2011 வரை மீண்டும் ரஷ்யாவில் இருந்தார். என்.எச்.எல். பட்டியல்களில் அந்த வருமானம் இராது. வழக்கமான சீசன் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, தனிப் பரிசுத்தொகைதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சம்பாதித்த தொகையைச் சொத்து மதிப்பாக எழுதுவதும் கூடாது. ஜாக் ஜான்சன் 2011இல் ஏழு ஆண்டுகளுக்கு 3.05 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றவர். அவர் கொடுத்த பவர் பத்திரத்தைக் கொண்டு பெற்றோர் வாங்கிய கடன்களால் 2014இல் திவால் மனு தாக்கல் செய்தார்.

டொரான்டோவில் இருக்கும் பேரனை ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் மெக்டேவிட்டின் தொகையை அளவுகோலாக வைக்கும் தாத்தாக்களுக்கு ஒரு செய்தி. 2025-26இல் என்.எச்.எல்.லின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7.75 லட்சம் டாலர். அதுவும் அந்தத் தொடரின் அணியில் இருக்கும் நாட்களுக்குத்தான். இருவழி ஒப்பந்தத்தில் இருப்பவர் கீழ்நிலைத் தொடருக்கு அனுப்பப்பட்டால், அங்குள்ள நாட்களுக்கு மிகக் குறைந்த வேறொரு சம்பளமே பெறுவார். பேத்தியாக இருந்தால், 2024 ஜனவரியில் தொடங்கிய பெண்கள் தொழில்முறைத் தொடரின் முதல் சீசனில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 35,000 டாலராக இருந்தது.